சனிக்கிழமை முகம்

"டீச்சர், இந்த முகம் எப்பதான் எனக்குப் பிடிபடும்?"

வேதநாயகம் கேட்டார். விரல்களில் கரி. எதிரே நாற்காலியில் ஒரு அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவங்களையே கேளுங்க சார்," என்றார் நிலோஃபர்.

வகுப்பு சிரித்தது. வேதநாயகமும் சிரித்தார்.

கேட்கவில்லை.

*

நிலோஃபர் ஓவிய ஆசிரியை. நாற்பதை நெருங்குகிற வயது. வேதநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பொதுப்பணித் துறையில் பாலத்துக்கும் மதகுக்கும் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கோடு பிசகாதவர் என்று பெயர்.

"பாலம் போட்டாச்சு. இனிமே ஒரே ஒரு மனுஷ முகம் போட்டாப் போதும்," என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் கலை மையம் ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை. டிக்கெட் கொடுத்த இடத்தில் இப்போது டீ போட்டார்கள். பால்கனியில் வீணை வகுப்பு. கீழே நாடகக்காரர்கள். திரை தொங்கிய மேடையில் சனிக்கிழமைதோறும் ஓவியம்.

நாடகக்காரர்களின் கத்தல் வீணைக்காரர்களுக்குப் பிடிக்காது. ஓவியர்களின் டர்பன்டைன் நாற்றம் நாடகக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் மாலை டீக்கு எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

ஆண்டு விழாவில் நாடகக்குழு பரசுராமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எல்லாம் ஒரே குடும்பம்," என்பார். வந்தவர்களுக்கெல்லாம் மையத்தின் பெயர் போட்ட துணிப்பை ஒன்று கொடுப்பார்கள்.

அந்த அம்மா ஒரு கோடையில் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர். ஃபேனுக்குக் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

யாரோ எழுப்பப் போனார்கள்.

"எழுப்பாதீங்க. வரையுங்க," என்றார் நிலோஃபர்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். பிறகு அந்த நாற்காலி அவருடையதாகிவிட்டது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார். டிபன் கொடுத்தால் சாப்பிடுவார். டீ கொடுத்தால் குடிப்பார். வகுப்பு முடிந்ததும் போய்விடுவார்.

எல்லோரும் அக்கா என்றார்கள். வேதநாயகமும் அக்கா என்றுதான் கூப்பிட்டார், தன்னைவிட இளையவராக இருந்தும். வேறு பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

*

வேதநாயகம் வரைந்துகொண்டே இருந்தார். வேறு முகத்தைத் தொடவில்லை.

அக்காவின் கன்னத்தில் விழும் நிழல் அவருக்கு மனப்பாடம். புருவத்தை ஒரே இழுப்பில் போடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

ஒரு படம் மாவட்டக் கண்காட்சிக்குப் போய் முதல் பரிசோடு திரும்பியது. மையத்தின் நுழைவாயிலில் அதை மாட்டினார்கள்.

"உயிரோட இருக்கு சார்," என்றார் பரசுராமன்.

அக்கா டீ கிளாஸோடு அதன் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாருங்க?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நீங்கதான்க்கா!"

"அப்படீங்களா," என்றார். மீதி டீயைக் குடித்தார்.

நிலோஃபர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

*

ஒரு சனிக்கிழமை அக்கா வரவில்லை.

"அடுத்த வாரம் வருவாங்க," என்றார்கள். நாற்காலியில் ஒரு பூசணிக்காயை வைத்து வரைந்தார்கள்.

அடுத்த வாரமும் வரவில்லை.

வேதநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. பாதியில் நிற்கும் படம் அவருடையது.

"சொல்லிட்டாவது நின்னிருக்கலாம்," என்றார்.

நிலோஃபர் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"யார்கிட்ட சொல்லியிருக்கணும் சார்?"

வேதநாயகம் கரித்துண்டைப் பெட்டிக்குள் போட்டார். அன்றைக்கு டீ குடிக்காமல் கிளம்பினார்.

*

அந்த வாரம் நடுவில் நிலோஃபர் அவருக்குப் போன் செய்தார்.

"சார், பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒரு அம்மா இறந்து கிடந்தாங்களாம். கையில நம்ம மையத்துப் பை. போலீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. ஜி.எச்.ல வச்சிருக்காங்க."

வேதநாயகம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சார். அக்காவை அதிகம் பார்த்தவர் நீங்கதான்."

"நீங்க வரலையா டீச்சர்?"

"நீங்க போய்ட்டு வாங்க."

பரசுராமன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க அவர்தான் பேசினார். அக்கா நல்லவர் என்றார். அமைதியானவர் என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை.

பிணவறை வாசலில் ஏட்டம்மா காத்திருந்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"கலை மையத்துல இருந்து வர்றோம்."

"தினம் பார்க்கிற ஆளா?"

"வாரா வாரம். இரண்டு வருஷமா," என்றார் வேதநாயகம்.

"அப்பச் சரி. வாங்க."

துணியை இடுப்பு வரைக்கும் விலக்கினார்கள்.

வேதநாயகம் பார்த்தார்.

வயது சரியாக இருந்தது. உடல்வாகும் சரியாக இருந்தது. புடவை அந்த மாதிரிப் புடவைதான். ஆனால் அந்த மாதிரிப் புடவை யாரிடமும் இருக்கும்.

"அவங்கதானா சார்?"

"ஒரு நிமிஷம்மா."

அவர் இடதுபக்கமாகச் சுற்றி வந்தார். வகுப்பில் அவருடைய இடம் எப்போதும் இடதுபக்கம். குனிந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், வரையும்போது செய்வதுபோல.

அங்கே வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தது. முகத்தில் நிழலே இல்லை.

நிழல் இல்லாமல் அக்காவை அவர் பார்த்ததில்லை.

"ஏதாவது அடையாளம் சொல்லுங்க. மச்சம், தழும்பு?"

"ஞாபகம் இல்லைம்மா."

"இவங்களுக்கு இடது காது அறுந்து தையல் போட்டிருக்கு. உங்க ஆளுக்கு?"

"தலையில முந்தானை போட்டிருப்பாங்க."

"பல்லு?"

"அதிகம் பேசமாட்டாங்க."

"இந்தப் புருவத்தைப் பாருங்க. நடுவுல ஒரு வெட்டு."

வேதநாயகம் புருவத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக அசைந்தது. ஒரே இழுப்பு. அதில் வெட்டு இருந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்ததா?

"மூக்குத்தி போட்டிருப்பாங்களே சார்," என்றார் பரசுராமன்.

"போட்டிருந்தாங்களா?"

"போட்டிருப்பாங்க. இல்லையோ?"

பரசுராமன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ஏட்டம்மா வேதநாயகத்தைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"போட்டோ இருக்கா?"

இல்லை. வகுப்பில் செல்போன் கூடாது என்பது நிலோஃபர் வைத்த விதி. கண்ணால் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

"படம் இருக்கும்மா. நான் வரைஞ்சது."

"கொண்டு வாங்க."

வீட்டுக்குப் போய்ப் பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் மேசைமேல் ஏட்டம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். மேசை போதவில்லை. பெஞ்சிலும் வைத்தார்.

ஒரு படத்தில் சோகமான ஒரு தாய். இன்னொன்றில் யாரோ ஒரு ராணி. ஒன்றில் கல்லில் செதுக்கியது மாதிரி ஒரு தாடை. ஒன்றில் தூங்குகிற தேவதை.

ஏட்டம்மா நிமிர்ந்தார்.

"இதெல்லாம் ஒரே ஆளா சார்?"

*

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. மனைவி எஸ்தர் அடுப்படியில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். வேதநாயகம் கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். எஸ்தரின் முகத்தை நினைத்துப் பார்த்தார்.

கல்யாண போட்டோவில் இருக்கும் முகம் வந்தது. இப்போது இருக்கிற முகம் வரவில்லை.

எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்றார் எஸ்தர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா போய்ப் படுங்க. மூஞ்சியே சரியில்ல."

*

மறுநாள் மையத்துக்குப் போனார். நிலோஃபர் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். உறையை அவர் காலடியில் போட்டார் வேதநாயகம்.

"எனக்குத் தெரியல டீச்சர். அவங்கதானான்னு எனக்குச் சொல்லத் தெரியல. இரண்டு வருஷம் எதிர்ல உட்கார்ந்திருந்தேன்."

நிலோஃபர் உறையைப் பார்த்தார்.

"நான் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?"



வேதநாயகம் உறையைப் பிரித்து ஒரு படத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். இன்னொன்றை எடுத்துக் கிழித்தார். நிலோஃபர் தடுக்கவில்லை. அது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நீங்க வாங்க டீச்சர். உங்க கண்ணு வேற. நீங்க ஒரு தடவை பார்த்தாப் போதும், சொல்லிடுவீங்க."

"போனேன் சார்."

"எப்ப?"

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி."

வேதநாயகத்தின் கையில் பாதி கிழிந்த தாள் இருந்தது.

"அங்க எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல," என்றார் நிலோஃபர். "வெளியே வந்துதான் உங்களைக் கூப்பிட்டேன்."

பால்கனியில் யாரோ வீணைக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தந்தி சேரவில்லை. திரும்பத் திரும்ப மீட்டினார்கள்.

"இப்ப என்ன டீச்சர் பண்றது?"

"யாரும் வரலைன்னா முனிசிபாலிட்டிக்காரங்க கொண்டுபோய்ப் புதைச்சிடுவாங்களாம்."

நிலோஃபர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. நாங்க எடுத்துக்கறோம்னு எழுதிக் கொடுக்க."

"அக்காதான்னு தெரியாமலா?"

"தெரியாமதான்."

*

மையத்தில் இருந்த எல்லோரும் இடுகாட்டுக்கு வந்தார்கள். வீணைக்காரர்கள், நாடகக்காரர்கள், ஓவியர்கள். மாலை வாங்கி வந்தார்கள். அது என்ன பூவாக இருக்க வேண்டும் என்பதில்கூட யாருக்கும் நிச்சயம் இல்லை.

குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பேரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றார் பரசுராமன். தன் குரலைக் கேட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன வழக்கம்? தலையை எந்தப் பக்கம் வைக்கணும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒவ்வொரு சாராருக்கும் ஒரு திசை. இறந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நிலோஃபர் சுற்றிலும் பார்த்தார். சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரம் நின்றது.

"சாயந்திரம் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டார்.

குழி வெட்டியவர் கை காட்டினார்.

"தலையை அங்க வைங்க."

அப்படியே வைத்தார்கள். நிலோஃபர் இரு கைகளையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தார். வேதநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார். வீணை கற்பிக்கிற அம்மா தேவாரம் சொல்லத் தொடங்கி இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டார்.

ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

*

அதன்பிறகு சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் குறைந்தது. வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நிலோஃபர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

வேதநாயகம் வருவார். பெட்டியைத் திறக்கமாட்டார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"டீச்சர், அது அக்காதானா?"

"தெரியல சார்."

"உங்க மனசு என்ன சொல்லுது?"

"மனசு எனக்குத் தோதானதைத்தான் சொல்லும்."

இன்னொரு நாள் கேட்டார்.

"நான் இனிமே வரையலாமா டீச்சர்?"

நிலோஃபர் தன்னுடைய பலகையைத் திருப்பிக் காட்டினார். அதில் தாள் மாட்டியிருந்தது. வெள்ளைத் தாள். தூசி படிந்திருந்தது. அக்கா வராமல் போன நாளிலிருந்து அது அப்படியே இருந்தது.

"என்னைக் கேட்காதீங்க," என்றார்.

அன்று வகுப்பில் அவர்கள் இரண்டு பேர்தான். வரையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நேரமானதும் ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

*

பிறகு ஒரு நாள், டீ நேரத்தில், ஒரு பெண் மையத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது வீங்கிய முகம்.

"பஸ் ஸ்டாண்டுல இறந்துபோன அம்மாவை அடக்கம் பண்ணது நீங்கதானுங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா," என்றார் நிலோஃபர்.

"நான் அவங்க பொண்ணு. அம்சவேணி. ஸ்டேஷன்ல போட்டோ காட்டினாங்க. எங்கம்மாதான்."

நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பரசுராமன் அவளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா எங்களுக்கு அக்காம்மா," என்றார். "இந்த மேடையிலதான் உட்கார்ந்திருப்பாங்க. எங்க எல்லாருக்கும் அவங்க மேல..."

அம்சவேணி குழப்பமாகப் பார்த்தாள்.

"எங்கம்மாவா? எங்கம்மா இங்க வந்ததே இல்லீங்களே."

பரசுராமன் நிலோஃபரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஆலங்காயம் பக்கம். அம்மா பேரு பச்சையம்மா. கொஞ்ச நாளா மறதி. காலையில மாத்திரை வாங்கறேன்னு கிளம்பினவங்க எந்த பஸ்ல ஏறினாங்களோ. எங்கெங்கேயோ தேடினோம்."

"கையில எங்க பை இருந்துச்சேம்மா," என்றார் நிலோஃபர்.

"அது என் மகளுதுங்க. இங்க ஏதோ விழாவுக்கு ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தப்ப கொடுத்திருக்காங்க. அம்மா எங்க போனாலும் அதைத்தான் எடுத்துட்டுப் போவாங்க."

நிலோஃபர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அம்சவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா எங்கம்மா முகத்தைப் பார்த்தது யாருங்க? ஏட்டம்மா சொன்னாங்க, ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு இருந்தார்னு."

"நான்தாம்மா," என்றார் வேதநாயகம்.

"வலியில போன மாதிரி இருந்துச்சுங்களா ஐயா? போட்டோவுல ஒண்ணும் தெரியல. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

வேதநாயகம் வாய் திறந்தார். திறந்ததும் வார்த்தை தானாக வந்தது.

"இல்லம்மா. நெத்தி சுருங்கல. இடது புருவத்துல நடுவுல ஒரு வெட்டு, அதுக்கு மேல தோலு தளர்வா இருந்துச்சு. வலி இருந்தா அங்க இழுத்துப் பிடிச்சிருக்கும். உதடு கொஞ்சம் திறந்திருந்துச்சு. முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அதுல வலது பல்லு நுனி உடைஞ்சிருக்கு."

அம்சவேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது மடல்ல தையல். தைச்சவங்க சரியாத் தைக்கல, கீழ் நுனி உள்பக்கமா மடிஞ்சிருக்கு. மோவாய்க்குக் கீழே ரெண்டு நரை முடி. மணிக்கட்டுல பழைய சூட்டுத் தழும்பு, வெத்தலைக் காம்பு மாதிரி நீட்டமா. கை ரெண்டும் விரிஞ்சுதான் இருந்துச்சு. எதையும் இறுக்கிப் பிடிக்கல. தூங்கிட்டே போயிருக்காங்கம்மா."

அம்சவேணியின் தோள்கள் குலுங்கின.

"பல்லு," என்றாள். "அந்த உடைஞ்ச பல்லை நான் மறந்தே போயிட்டேன் ஐயா."

நிலோஃபர் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"தலையை எந்தப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டாள் அம்சவேணி, அணைப்புக்குள் இருந்தபடியே.

"நிழல் விழற பக்கம்."

அவள் தலையாட்டினாள்.

பரசுராமன் இடத்தைக் காட்டுவதற்காக அவளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் வேதநாயகத்தைக் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட அவருக்குக் கை எழவில்லை.

*

முதலில் சொன்னது வீணை கற்பிக்கிற அம்மாதான்.

"அப்படின்னா நம்ம அக்கா உயிரோட இருக்காங்க!"

அது மெதுவாகத்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஒருவர் சிரித்தார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முறை டீ போட்டார்கள். அக்கா ஊருக்குப் போயிருப்பார் என்றார்கள். உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்றார்கள். வந்துவிடுவார் என்றார்கள்.

வேதநாயகம் டீயைத் தொடவில்லை.

அரைமணி நேரம் பார்த்த ஒரு முகம் அவருக்குள் முழுசாக இருந்தது. நரை முடி வரைக்கும் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தார்.

நிழல் வந்தது. முந்தானை மடிப்பு வந்தது. மடியில் வைத்த கைகள் வந்தன. அவையும் கை மாதிரி இல்லை, கையின் படம் மாதிரி இருந்தன.

அவர் எழுந்தார்.

"டீச்சர், கிளம்புங்க."

"எங்க சார்?"

"அக்காவைத் தேடலாம். உடம்பு முடியாம எங்கேயாவது கிடக்கறாங்களோ என்னவோ. இத்தனை வாரம் ஆச்சு. செத்துட்டாங்கன்னு நாம சும்மா இருந்துட்டோம். வாங்க டீச்சர், இப்பவே போலாம்."

நிலோஃபர் உடனே எழுந்தார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தார். வேதநாயகம் பின்னாலேயே ஓடினார். இருவரும் கேட்டைத் திறந்துகொண்டு சாலைக்கு வந்தார்கள்.

பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. எதிரே ஜவுளிக்கடை. பக்கத்தில் மருந்துக்கடை. ஜனங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

நிலோஃபர் நின்றுவிட்டார்.

"ஏன் டீச்சர் நின்னுட்டீங்க?"

அவர் வலதுபக்கம் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார். பிறகு வேதநாயகத்தைப் பார்த்தார். அவர் கண்களில் இருந்ததைப் பார்க்க வேதநாயகத்துக்குப் பயமாக இருந்தது.

"கிளாஸ் முடிஞ்சு போகும்போது," என்று கேட்டார் நிலோஃபர், "அவங்க எந்தப் பக்கம் திரும்புவாங்க, சார்?"